பதினெட்டு டிகிரி

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள்.
குகை மாரியம்மன் கோயில் பின்தெரு, இரண்டாம் மாடி.
தொட்டித் தண்ணீர் இருபத்தாறு டிகிரி.
அதற்குப் பதினெட்டு வேண்டும்.
எனக்கும்தான் வேண்டும், யார் தருகிறார்கள்.

பெயர் சேகோ.
வேகவைத்த ஜவ்வரிசியின் நிறம் என்பதால்
பேக்டரியில் பில் போட்டுக்கொண்டே நான் வைத்தது.
செவ்வாப்பேட்டைக் கடையில் வாங்கியபோது சுண்டுவிரல் நீளம்.
"நடக்குற மீனு சார்" என்றான்.
மீன் இல்லை. பல்லியும் இல்லை.
தவளைக்குத் தூரத்துப் பங்காளி.
கரையேற மனமில்லாமல்
தலைப்பிரட்டைப் பருவத்திலேயே தங்கிவிட்டது.
பதினோரு வருடம்.
குழந்தையாகவே கிழடாகிவிட்டது.

முதலில் செவுள்கள்.
கழுத்தோரம் ஆறு சிவப்பு இறகு இருந்த இடத்தில்
சாயம்போன குஞ்சம்.
அப்புறம் பூஞ்சை. அப்புறம் வயிறு ஊதி
ஒருக்களித்து மிதந்தது மூன்று நாள்.
முன்பெல்லாம் கால் போனால் கால் முளைக்கும்.
போன ஐப்பசியில் பில்டரில் சிக்கிய இடதுகை
இன்னும் மொக்காகவே நிற்கிறது,
இரண்டு விரல் வரைந்ததும்
பென்சிலை யாரோ வாங்கிக்கொண்டதுபோல.

ஆக்சலாட்டல் என்று நான் சொன்னதை
இரண்டுமுறை கேட்டுவிட்டு
பசு எருமை ஆடு நாய் எல்லாம் தாண்டி
'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்
கால்நடை மருத்துவர் நவநீதா.
இமையில்லாத கண் என்று
டார்ச்சை விரலால் மறைத்துப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"புத்தகத்துல ஒரே ஒரு படம் பாத்திருக்கேன் சார்.
வயசு, வேற என்ன சொல்ல."
காசு வாங்கவில்லை.

கோதைக்கு இதைப் பிடிக்காது.
கல்யாணமாகி வந்த வாரமே சொல்லிவிட்டாள்:
"எந்நேரமும் சிரிக்குது, எதுக்குன்னுதான் தெரியல."
ஆனாலும் தோசைமாவுக்குக் கீழ்த்தட்டில்
மூடியில் துளைபோட்ட டப்பாவுக்கு இடம் விட்டவள் அவள்தான்.
விருந்தாளி ஃப்ரிட்ஜைத் திறந்தால் "தயிரு" என்பாள்.
நகைக்கடைக் காலண்டரில்
பால் கணக்குக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து:
புழு 2. புழு 1. துப்பிருச்சு. வெளிக்குப் போச்சு.
கடைசியதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம்.

பள்ளிக்கூட மதிலோரம் உதிரும் வாதாம் இலையைப்
பொறுக்கி வந்து ஊறப்போடுவோம்.
தண்ணீர் டீ நிறத்துக்கு வரும்.
பிறகு உப்புக் குளியல், பத்து நிமிடம்.
அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள்.
நான் அதைப் பார்ப்பேன்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
ஐஸ் பாட்டில் மூன்றும் வெறும் பாட்டிலாயின.
நாலு மணிக்கும் வரவில்லை.
கோதைதான் தெர்மாகோல் பெட்டியை இறக்கினாள்.
"ஏற்காட்டுல ஃபெலிக்ஸ் அண்ணன் இருக்காருல்ல."

அடிவாரச் செக்போஸ்டில் லத்தி நீண்டது.
பெட்டியில என்ன?
"தயிரு."
பின்சீட்டில், மடியில் அணைத்தபடி, முகம் மாறாமல்.

ஏழாவது வளைவு வரை அனல் கூடவே வந்தது.
பத்தாவதில் முழங்கை சிலிர்த்தது.
பதினான்கில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள்.
கீழே சேலம்; பாதி வெளிச்சம்,
எங்கள் பக்கம் கறுப்பு.
மூடியைத் திறந்தாள்.
அசைவில்லை.
நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவளும்.
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
எங்களுக்காக எழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.
பிறகு ஒரு செவுள், ஒன்றே ஒன்று,
ஈயோட்டுவதுபோல்
முன்னே மடங்கிப் பின்னே போனது.

ஃபெலிக்ஸ் வீட்டுப் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி.
வெப்பமானியை விட்டேன்: பத்தொன்பது.
ஒரு டிகிரிதானே என்றார் அவர்.
ஒரு டிகிரிதான் என்றேன்.
அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, சிரித்தபடி,
எதுக்கென்று இன்னமும் தெரியாமல்.
"எத்தன நாளைக்கு?"
நான் ஆனி வரை என்று இழுத்தேன்.

கோதை பையிலிருந்து
காலண்டரை முழுசாக எடுத்தாள்.
ஆணி தேடி மாட்டினாள். பேனாவை நீட்டினாள்.
"வெளிக்குப் போனா ஸ்டார் போடுங்கண்ணா."
ஸ்டாரா?
"ஸ்டார்தான். அஞ்சு முனையும் வரணும்."